காலண்டருக்குப் பின்னால்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில், வாஷ்பேசினுக்குப் பக்கத்துச் சுவரில், ஒவ்வொரு ஜனவரிக்கும் காலண்டர் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2022-ல் மளிகைக் கடையில் கொடுத்த சின்ன தினசரிக் காலண்டர். 2023-ல் நகைக்கடையின் மாதக் காலண்டர், முருகன் படத்தோடு. 2024-ல் அதே கடையில் நின்று, "இதைவிடப் பெரிசு இருக்கா?" என்று கேட்டு வாங்கி வந்தேன். கடைப் பையன் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்திருப்பான். அந்தச் சுவரில் ஓதம் வளர்ந்துகொண்டிருந்தது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மடிப்பாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட பழைய ஃபிளாட். நாங்கள் முதல் மாடி. 2021 நவம்பர் மழையில்தான் முதலில் அந்த ஈரத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். மழைக்காலத்தில் சென்னையில் எந்தச் சுவர்தான் ஈரமாக இல்லை, பொங்கலுக்குள் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். பொங்கல் போனது. மே மாதமும் வந்தது. கத்திரி வெயிலில் மொட்டைமாடி வடாம் ஒரே நாளில் காய்கிறது, இந்தச் சுவர் மட்டும் காயவில்லை. மழையே இல்லாத மாதத்தில் ஈரம் எங்கிருந்து வரும்? மேல் வீட்டுக் குளியலறை சரியாக அந்த மூலைக்கு மேலே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்தது. புரிந்த அன்று நான் செய்தது, காலண்டரை இரண்டு அங்குலம் இடது பக்கம் நகர்த்தி மாட்டியதுதான்.

மேல் வீட்டில் இருப்பவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். 2018-ல் என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, கட்டியிருந்த லுங்கியோடு இறங்கி வந்து காரை எடுத்தவர். அப்பா பிழைக்கவில்லை. ஆனாலும் விடியும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், "சார், உங்க பாத்ரூம் ஒழுகுது" என்று எப்படிச் சொல்வது? இதற்கு நான் நன்றி உணர்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அதில் நன்றி கொஞ்சம், பயம் நிறைய. அவர் முகம் மாறிவிடுமோ, செலவு யாருடையது என்ற பேச்சு வருமோ, படியில் பார்த்தால் சிரிக்காமல் போய்விடுவாரோ. அந்தப் பயத்தை நன்றி என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் சோம்பேறி இல்லை. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வங்கிக் கணக்கும் எங்கள் புத்தகமும் நாற்பத்திரண்டு ரூபாய் ஒத்துப்போகவில்லை என்றால், அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அந்த ஆள்தான் வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்துத் தேதி மட்டும் கிழிக்கிறவன். ஊரான் பிரச்சினையில் புலியாக இருப்பவர்கள் சொந்தப் பிரச்சினையில் பூனையாகி, கண்ணை மூடிக்கொண்டு பூலோகம் இருண்டுவிட்டது என்று இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர்களில்கூட உண்டு.

இன்னொன்று: தள்ளிப்போடுகிறவன் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. நான் யூடியூபில் நீர்க்கசிவு பற்றி முப்பது நாற்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். எந்தக் கம்பெனி பூச்சு நல்லது, எத்தனை கோட் அடிக்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. ஓதம் தடுக்கும் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தும் பார்த்தேன். ஈரம் உள்ளிருந்து வரும்போது வெளியே பூசி என்ன பயன்? நான்கு மாதத்தில் உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து உரிந்தது. அந்த ஞாயிறு முழுக்க மனதுக்கு நிம்மதியாக இருந்ததை மறுக்க மாட்டேன். ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்ற நிம்மதி. செய்ய வேண்டியது பதினாறு படி ஏறி ஒரு கதவைத் தட்டுவது. அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன்.

இந்த நிம்மதிதான் விஷயமே. பின்னால் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பழைய ஆராய்ச்சி கண்ணில் பட்டது. 1953-ல் ரிச்சர்ட் சாலமன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. ஒரு பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு. சமிக்ஞை வந்த சில விநாடிகளில் தரையில் மின்சாரம் பாயும். நாய் தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பிக்கும். சீக்கிரமே சமிக்ஞை வந்தவுடனே குதிக்கப் பழகிவிட்டன. அப்புறம் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். நாய்கள் நிறுத்தவில்லை, நூற்றுக்கணக்கான தடவை குதித்துக்கொண்டே இருந்தன. கொடுமையான சோதனைதான், இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அதைப் படித்ததும் எனக்கு மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. தரையில் மின்சாரம் இல்லை என்பது அந்த நாய்க்குத் தெரியவே வழியில்லை. ஒரு தடவையாவது குதிக்காமல் நின்றிருந்தால்தானே தெரியும்? ஒவ்வொரு குதிப்புக்கும் கூலியாக ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்தக் கூலிக்காகவே அடுத்த தடவையும் குதிக்கிறது.

நானும் குதித்தேன். பெரியவர் காலை ஆறரைக்குப் பால் வாங்க இறங்குவார். நான் அதற்கு முன்பே வண்டியை எடுத்துக் கிளம்ப ஆரம்பித்தேன். சாயங்காலம் அவர் கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இல்லாத போனைக் காதில் வைத்துப் பேசியபடி உள்ளே போவேன். ஓதத்தைத் தவிர்க்க ஆரம்பித்தவன், ஒரு வருடத்துக்குள் ஆளையே தவிர்க்க ஆரம்பித்திருந்தேன். அப்போது இது எனக்கு உறைக்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு காலண்டர் இருந்தது. 2023 பிப்ரவரியில் ஆபீஸில் மருத்துவ முகாம் வைத்தார்கள். விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 218. "வெறும் வயித்துல ஒரு தடவை, எச்பிஏ1சி ஒரு தடவை எடுத்துடுங்க சார், விட்டுடாதீங்க" என்று நர்ஸ் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அப்பா சர்க்கரைக்காரர். எனக்கு இரவில் இரண்டு மூன்று தடவை தூக்கம் கலைந்து எழுந்து போக வேண்டியிருந்தது. தண்ணீர் நிறையக் குடிப்பதால்தான் என்று சொல்லிக்கொண்டேன். தாகம் ஏன் நிறைய எடுக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் என் அம்மாவுக்கு தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. நான் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த லேபுக்கு ஒன்றரை வருடம் போகவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையே தண்ணீரில் நின்றது. அது எனக்கு ஒரு விதத்தில் சௌகரியமாகப் போயிற்று. "எல்லார் வீட்லயும்தான் ஒழுகுது" என்று சொல்ல ஒரு வாய்ப்பு. அதற்குள் ஓதம் சுவரைத் தாண்டி மேலே ஏறிக் கூரையின் மூலையைப் பிடித்திருந்தது. சுவருக்குக் காலண்டர் மாட்டலாம். கூரைக்கு என்ன மாட்டுவது? அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தினேன்.

2024 ஆகஸ்டில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பெரிய சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால், கூரையிலிருந்து காரையும் கான்கிரீட்டுமாகப் பெயர்ந்து தரையில் கிடக்கிறது. பெரிய துண்டு ஒரு செங்கல் கனம் இருக்கும். மேலே துருப்பிடித்த கம்பி இரண்டு பல்லிளித்துக்கொண்டு தெரிந்தன. விழுந்த இடத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. தினமும் காலையில் என் மகள் அதில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுவாள். அதன் கால் ஒன்று உடைந்திருந்தது.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பம் எடுத்து வந்து கூட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கூட்டி முடித்துவிட்டு, "மூணு வருஷமா நானும்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். நான் பேச்சை எடுக்காததால் அவளும் எடுக்கவில்லையாம். அவளுக்கும் அந்தக் காலண்டர் தேவைப்பட்டிருக்கிறது.

காலையில் போவதற்குள் என்ன பேசுவது என்று பத்துத் தடவை ஒத்திகை பார்த்தேன். எல்லாமே புகார் மாதிரி இருந்தது. கடைசியில் மனைவிதான், "எதுவும் விளக்காதீங்க. கீழ வந்து பாக்கச் சொல்லுங்க, போதும்" என்றாள். அப்படியே செய்தேன். "சார், ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்து பாக்க முடியுமா?" ஒரே வாக்கியம். அவர் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். கம்பியைப் பார்த்தார். நான் காலண்டரைக் கழற்றினேன். சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது எப்ப இருந்து தம்பி?"

"இருபத்தொண்ணு கடைசியில இருந்து சார்."

"ஏன் சொல்லல?"

பதில் இல்லை. அவரே பேசினார். "நான் என்னமோ உங்க மனசு நோகற மாதிரி ஏதாவது சொல்லிட்டேனோன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா நீங்க முகம் குடுத்துப் பேசறதில்லையே. எங்க வீட்டம்மா கூடக் கேட்டா, அந்தத் தம்பிக்கு நம்ம மேல என்ன கோபம்னு."

நான் பயந்ததெல்லாம் அவர் முகம் மாறும் என்றுதான். மாறியதுதான், வேறு காரணத்துக்காக. செலவைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன்பே, "பாத்ரூம் வேலை முழுக்க என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். எல்லா மேல் வீட்டுக்காரரும் இப்படி இருக்க மாட்டார்கள், தெரியும். சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு. எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். ஆனால் சண்டை போடுகிறவராக இருந்திருந்தாலும், 2022-ல் சின்னச் சண்டையாக முடிந்திருக்கும்.

பிளம்பர் வந்து பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், யாருக்காவது பயன்படும். முதலில் மேல் வீட்டில் அந்தக் குளியலறையை இரண்டு நாள் உபயோகிக்க வேண்டாம் என்றார். தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை என்றால் குளிக்காவிட்டாலும் கசியும். கழிவுநீர்ப் பக்கமோ தரையோ என்றால் நின்றுவிடும். சொட்டு நின்றது. அப்புறம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, தண்ணீரைத் தேக்கி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டார். மறுநாள் எங்கள் கூரையில் லேசான நீல நிறம். டைல்ஸ் இடுக்கு விட்டிருந்தது, தண்ணீர் போகும் ஓட்டையில் பதித்திருக்கும் நஹானி டிராப்பைச் சுற்றியும் பிளவு. "இதை அப்பவே பாத்திருந்தா இடுக்கு அடைக்கிற வேலைதான் சார், மூவாயிரத்துல முடிஞ்சிருக்கும்" என்றார். இப்போது டைல்ஸை உடைத்து, கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, புது டிராப் வைத்து, மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டும். அவருக்கு நாற்பத்தாறாயிரம். எங்கள் கூரையில் உளுத்ததைத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, மறுபடி பூச இருபத்திரண்டாயிரம். துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும் என்று கொத்தனார் சொன்னார். உள்ளே நடப்பது வெளியே தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்குமாம்.

அன்றே பீரோவில் இருந்த சீட்டையும் எடுத்தேன். கொத்தனார் சொன்னது அந்தச் சீட்டுக்கும் பொருந்தும் என்று தோன்றிவிட்டது. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, யோசிக்க இடம் கொடுக்காமல், பல் துலக்கியதும் நேராக லேப். எச்பிஏ1சி 8.4. கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் கணக்கு அது, 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். டாக்டர் ஒன்றரை வருடக் கணக்கைக் கேட்டுத் தலையை ஆட்டினார். கண்ணின் விழித்திரை, கால் நரம்பு, சிறுநீரில் புரதம் எல்லாம் பார்க்கச் சொன்னார். அந்த ரிசல்ட்டுகள் வரும்வரை இருந்த இரண்டு நாள் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒன்றரை வருடம் அடிவயிற்றில் கிடந்த பயத்தைவிட லேசு. இதற்கு முடிவுத் தேதி இருந்தது. கண்ணும் காலும் தப்பித்தன. மாத்திரை, நடை, இரவு சாதத்துக்கு விடை. ஆறு மாதத்தில் 6.9.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது சில விஷயங்கள்தான். பார்ப்பதும் தீர்ப்பதும் வேறு வேறு வேலை. பார்த்தால் உடனே தீர்க்க வேண்டியிருக்குமே என்று பயந்துதான் பார்க்காமலே இருந்தேன். இப்போது எதையாவது கண்டால், இன்று பார்க்க மட்டும் செய்கிறேன் என்று எனக்குச் சலுகை கொடுத்துக்கொள்கிறேன். ஓதம் என்றால் பென்சிலால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுவது. கடிதம் என்றால் பிரித்துப் படித்து, கடைசித் தேதி எது என்று மட்டும் அடிக்கோடு போடுவது. பணம் என்றால் தொகையை ஒரு தாளில் எழுதுவது. பெரும்பாலும் கற்பனையில் இருந்த தொகையைவிடத் தாளில் இருப்பது சின்னதாக இருக்கிறது. சில சமயம் பெரிதாகவும் இருந்ததுண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, முதல் வேலையைக் கால் செய்யும்படி வைப்பது. "டாக்டரைப் பார்க்கணும்" என்று எழுதினால் நடக்காது. "சனி காலை ஆறே முக்கால், லேப், சாப்பிடாமல்" என்று எழுதினால் நடக்கிறது. ஆளிடம் பேச வேண்டியதாக இருந்தால் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்கிறேன். இரண்டாவது வாக்கியத்தை எழுதினால் அங்கேயே கற்பனைச் சண்டை ஆரம்பித்துவிடும்.

எல்லாவற்றையும் உடனே போட்டு உடைக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என் மைத்துனர் அந்த வகை. கோபம் வந்த நிமிடமே போனைப் போட்டுப் பேசி, தீராத பிரச்சினைகளாக நாலைந்து சம்பாதித்து வைத்திருக்கிறார். கொஞ்சம் ஆறப்போட்டால் நல்லது என்று சில உண்டு. மனைவியோடு வந்த வாக்குவாதம், ஆபீஸில் யாரோ சொன்ன குத்தல் வார்த்தை. அவை நாள் போகப் போகச் சின்னதாகும். நான் செய்தது ஆறப்போடுவது இல்லை, ஊறப்போடுவது. சுவர் விஷயத்தில் அது நிஜமாகவே ஊறியது. இப்போது ஒன்றைத் தள்ளிவைக்கும்போது, அடுத்த மாதம் இது இதே அளவில் இருக்குமா, பெருத்திருக்குமா என்று கேட்டுக்கொள்கிறேன். பெருக்கும் என்று தெரிந்தால் தள்ளிவைப்பதில்லை. இல்லை, அப்படிச் சொல்வது பொய். தள்ளிவைக்கிறேன், ஆனால் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தள்ளிவைக்கிறேன். அதில் பாதி வேகம் குறைந்துவிடுகிறது. ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் அதை ஒளித்து வைக்கும் உழைப்பு மிச்சம்.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் இதற்கென்று வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு காபி, என்னுடையதில் சர்க்கரை கிடையாது. "இந்த வாரம் எதைப் பாக்காம இருந்த?" இதுதான் கேள்வி. "என்ன செஞ்ச?" என்று கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவள் பக்கத்திலிருந்தும் வண்டி வண்டியாக வந்தது. பல் வலி, லாக்கர் சாவி, தன் அக்காவுக்குக் கொடுத்த கடன். இத்தனை காலம் நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் நான் குதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊரில் அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்குப் பட்டா மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. தம்பியோடு உட்கார்ந்து யாருக்கு எது என்று பேச வேண்டியதுதான் பாக்கி. மூன்று சனிக்கிழமையாகப் பட்டியலில் நிற்கிறது. முதல் வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். "டேய், ஊருக்கு ஒரு தடவை சேர்ந்து போயிட்டு வரலாமா?"

பெரியவரோடு இப்போது மாலையில் கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்காருகிறேன். அவருக்கும் சர்க்கரை. இருவரும் ரிசல்ட் ஒப்பிட்டுக்கொள்வோம், மதிப்பெண் பார்க்கும் பிள்ளைகள் மாதிரி. போன ஜனவரியில் அவரே ஒரு காலண்டர் கொண்டு வந்து கொடுத்தார், ரயில் படம் போட்டது. அதே சுவரில், அதே ஆணியில் மாட்டினேன். சுவர் புது வெள்ளையோடு நன்றாகத்தான் இருந்தது. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். என் மனைவி வந்து காலண்டரின் அடி நுனியைத் தூக்கி, பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி விட்டுவிட்டுப் போனாள்.